மண் நுண்ணுயிர்ச் சமூகங்களை ஆராயப் புகுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு கிராம் வயல் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றோடு பூஞ்சைகளும் ஆர்க்கியாக்களும் ஒற்றைச்செல் உயிரிகளும், இவை அனைத்தையும் தாக்கும் வைரஸ்களும் உண்டு. இவற்றுள் எவை எங்கே வாழ்கின்றன, எவற்றோடு சேர்ந்து வாழ்கின்றன, அந்தச் சேர்க்கை வயலுக்கு வயல் ஏன் மாறுகிறது, அது மாறும்போது மண்ணின் வேலைகளில் எது மாறுகிறது என்னும் கேள்விகளைக் கையாளும் துறைதான் மண் நுண்ணுயிர்ச் சமூகச் சூழலியல். முதுகலை முடித்துவிட்டோ முடிக்கும் தறுவாயிலோ, இதில் முனைவர் பட்டம் செய்யலாமா என்று கேட்டு வருபவர்களிடம் இதுவரை வாய்மொழியாகச் சொல்லிவந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பாடநூலைப் போல எல்லாவற்றையும் ஒரே அளவில் சொல்லப்போவதில்லை. பலரும் சறுக்கி விழும் இடங்களில் நீண்ட நேரம் நிற்பேன். மற்றவற்றை விரைவாகக் கடந்துவிடுவேன்.

எந்த வேலைக்கு வருகிறீர்கள் என்று அறியுங்கள்

வருபவர்களில் பாதிப்பேர் உயிர் உர ஆராய்ச்சியையும் இதையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். அசோஸ்பைரில்லத்தையோ ரைசோபியத்தையோ பிரித்தெடுத்து வளர்த்து, விதையில் கலந்து, விளைச்சலை அளப்பது நல்ல வேலைதான். ஆனால் அங்கே கதாநாயகன் ஒரே ஓர் உயிரி. சமூகச் சூழலியலில் எந்த உயிரிக்கும் அந்த இடம் கிடையாது. ஆயிரக்கணக்கான உயிரிகளின் சேர்க்கை, அதன் ஏற்ற இறக்கம், அதற்குக் காரணமான சூழல் ஆகியவையே இங்கே பொருள். ஊட்டக்கூழ்த் தட்டில் வளர்ந்து நிற்கும் காலனியைப் பார்க்கும் மகிழ்ச்சி இதில் அரிது. கணினித் திரையில் ஓர் அட்டவணையை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க மனம் ஒப்ப வேண்டும்.

இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பின்னால் பல குழப்பங்கள் குறையும். செர்கெய் வினோகிராட்ஸ்கியும் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மண் உயிரிகளை அவை செய்யும் வேலையைக் கொண்டு தேடினார்கள்: நைட்ரேட் ஆக்குபவை எவை, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிப்பவை எவை என்று. 1904இல் லோரன்ஸ் ஹில்ட்னர் வேரைச் சுற்றியுள்ள மண்ணுக்கு வேர்மண்டலம் என்னும் பொருளில் ஒரு பெயர் வைத்தார். ஆனால் நுண்ணோக்கியில் எண்ணினால் தெரியும் செல்களில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றே தட்டில் வளர்ந்தது. எஞ்சியவற்றின் பன்மை எவ்வளவு என்பதை முதலில் அளவிட்டுக் காட்டியவர்களுள் நார்வேயின் விக்டிஸ் டோர்ஸ்விக் முக்கியமானவர். 1990இல் அவர் குழுவினர், பிரிக்கப்பட்ட டி.என்.ஏ. இழைகள் மீண்டும் ஒன்றுசேர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு, ஒரு காட்டு மண் மாதிரியில் சுமார் 4,000 வெவ்வேறு பாக்டீரிய மரபணுத்தொகுதிகள் இருப்பதாக மதிப்பிட்டனர். 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைக் கொண்டு உயிரிகளை வகைப்படுத்தும் வழியைத் திறந்து வைத்திருந்ததால், அந்தப் பன்மைக்குப் பெயர் வைக்கவும் முடிந்தது. பாக்டீரிய ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணு ஒன்றைக் குறிக்க இன்று நீங்கள் 16எஸ் என்று அன்றாடம் சொல்லப்போகும் சொல் அங்கிருந்து வருகிறது.

படிப்பும் நுழைவும்

வேளாண் நுண்ணுயிரியல், மண்ணியல், தாவரவியல், சூழலியல், உயிர்த் தொழில்நுட்பம் என எந்த வாசல் வழியாகவும் இதற்குள் வரலாம். எந்த வாசலில் வந்தாலும் ஒரு குறை கூடவே வரும். நுண்ணுயிரியலில் இருந்து வருபவருக்கு மண் தெரியாது. மண்ணியலில் இருந்து வருபவருக்கு டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். கை வராது, இருவருக்குமே புள்ளியியல் போதாது. முதுகலையின் கடைசி ஆண்டிலேயே புள்ளியியலுக்கான ஆர் என்னும் கணினி மொழியைக் கற்கத் தொடங்குங்கள். வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்குவதைவிட, வெளியான ஒரு கட்டுரையின் தரவைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து இறக்கி, அதிலுள்ள ஒரு படத்தை நீங்களே திரும்ப வரைய முயல்வது பயன் தரும். படம் பொருந்தாமல் போகும் இடத்தில்தான் நீங்கள் கற்பது தொடங்கும்.

உதவித்தொகைக்குச் சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட், உயிர்த் தொழில்நுட்பத் துறையின் தேர்வு, வேளாண் பட்டதாரிகளுக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) தேர்வுகள் ஆகியவை வழி. 2023 முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாயும், பின்னர் முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. வீட்டு வாடகைப்படி தனி. சி.எஸ்.ஐ.ஆர். உதவித்தொகை மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை நீளும். பணம் வந்து சேரத் தாமதமாகும் மாதங்கள் உண்டு என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அவரிடம் முன்பு படித்த இருவரோடு தொலைபேசியில் பேசுங்கள். மூன்றே கேள்விகள் போதும்: மாதிரி எடுக்க வயலுக்குப் போக வண்டியும் செலவும் கிடைத்ததா, டி.என்.ஏ. வரிசைப்படுத்தலுக்கான பணம் திட்டத்தில் இருந்ததா அல்லது மாணவர் தேட வேண்டியிருந்ததா, எழுதிக் கொடுத்த வரைவு எத்தனை நாளில் திரும்பி வந்தது. இவற்றுக்கு வரும் விடைகள், அவர் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட உங்கள் அடுத்த ஐந்து ஆண்டுகளைத் தெளிவாகக் காட்டும்.

கேள்வியை அமைப்பது

புதிதாக வருபவர்கள் எழுதும் முன்மொழிவுகளில் அடிக்கடி காணப்படும் தலைப்பு, செம்மண்ணிலும் கரிசல் மண்ணிலும் உள்ள நுண்ணுயிர்ப் பன்மையை ஒப்பிடுதல் என்பது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கோயம்புத்தூர்ப் பகுதியின் இருகூர் வகைச் செம்மண்ணையும் பெரியநாயக்கன்பாளையம் வகைக் கரிசலையும் எடுத்துக்கொண்டால், அவை நிறத்தில் மட்டும் வேறுபடுவதில்லை. களியின் அளவு, ஈரம் பிடிக்கும் திறன், சுண்ணாம்பு, கார அமில நிலை, பயிரிடும் பயிர், எரு இடும் பழக்கம் என்று பத்து விஷயங்கள் ஒன்றாக மாறுகின்றன. இரண்டு சமூகங்களும் வேறுபடும் என்பது உறுதி. எதனால் வேறுபட்டன என்பதை அந்த ஆய்வால் ஒருபோதும் சொல்ல முடியாது.

இதற்கு எதிரான நல்ல உதாரணம் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது. 2006இல் நோவா ஃபியரரும் ராபர்ட் ஜாக்சனும் வட, தென் அமெரிக்காக்களிலிருந்து 98 மண் மாதிரிகளை ஆராய்ந்து, பாக்டீரியப் பன்மையோடு மிக நெருங்கிப் பொருந்துவது வெப்பமோ மழையோ அல்ல, மண்ணின் கார அமில நிலைதான் என்று காட்டியிருந்தார்கள். ஆனால் கண்டம் தழுவிய மாதிரிகளில் மற்றவையும் கூடவே மாறுமே என்ற ஐயம் இருந்தது. ரோத்தம்ஸ்டட்டின் ஹூஸ்ஃபீல்டு வயலில் ஒரு நீண்ட பட்டை நிலம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே சுண்ணக்கல் சீராக இடப்படாததால், ஏறத்தாழ 200 மீட்டர் தொலைவுக்குள் கார அமில நிலை 4இலிருந்து 8க்குச் சற்று மேல் வரை படிப்படியாக ஏறுகிறது. மண் ஒன்று, பயிர் ஒன்று, வானிலை ஒன்று. 2010இல் யோஹன்னஸ் ரூஸ்க் குழுவினர் அந்தப் பட்டையில் மாதிரி எடுத்துப் பார்த்தபோது, 4இலிருந்து 8க்குப் போகையில் பாக்டீரியப் பன்மை ஏறக்குறைய இரட்டிப்பானது. பூஞ்சைகளோ அவ்வளவாக அசையவில்லை. யாரோ ஒருவர் சுண்ணாம்பைச் சரியாகத் தூவாததால் கிடைத்த சோதனைக்களம் அது.

உங்களுக்கும் அப்படியொரு களத்தைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909இல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனை வயல் இருக்கிறது. ஒரே மண்ணில் தழைச்சத்து மட்டும், மணிச்சத்து மட்டும், தொழு எரு மட்டும் என்று தலைமுறைகளாக இட்டுவரும் பாத்திகள் அங்கே உண்டு. இப்படிப்பட்ட நீண்டகாலச் சோதனைகளில் இடமும் அனுமதியும் கிடைத்தால், புதிய சோதனை ஒன்றை நீங்களே நட்டு இரண்டு ஆண்டு காத்திருப்பதைவிட அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மண்ணின் கரிமமும் அதைச் சார்ந்த உயிர்களும் இரண்டு ஆண்டில் பெரிதாக மாறிவிடுவதில்லை.

கேள்வி சரியாக அமைந்ததா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். வரக்கூடிய இரண்டு எதிரெதிர் முடிவுகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். இது வந்தால் இன்ன கருத்து தவறு, அது வந்தால் இன்ன கருத்து தவறு என்று உங்களால் எழுத முடிந்தால் அது கேள்வி. எது வந்தாலும், "பன்மை கண்டறியப்பட்டது" என்றுதான் எழுத முடியும் என்றால் அது வெறும் பட்டியல்.

வயலில்

என் முனைவர் ஆய்வின் இரண்டாம் ஆண்டில் கோவில்பட்டிப் பக்கம் மானாவாரிக் கரிசல் காடுகளில் மாதிரி எடுத்தேன். தொழு எரு இட்டுவரும் நிலங்களையும் பல ஆண்டுகளாக எரு இடாத நிலங்களையும் ஒப்பிடுவது திட்டம். ஒவ்வொரு நிலக்காரரிடமும் கேட்டு, குறிப்பேட்டில் எழுதி, ஆவணி மாதத்தில் மண் எடுத்தேன். வரிசைப்படுத்தல் முடிந்து தரவு வந்தபோது, எரு இடாத நிலங்களில் நான்கு மட்டும் எரு இட்ட நிலங்களோடு போய் ஒட்டிக்கொண்டன. ஆய்வகத்தில் குப்பிகள் மாறிவிட்டன என்றே மூன்று மாதம் நம்பினேன். மிச்சமிருந்த மண்ணில் டி.என்.ஏ.வைத் திரும்பப் பிரித்தெடுத்துப் பார்த்தும் அதே முடிவு. கடைசியில் அந்த நான்கு நிலங்களுக்கும் சொந்தக்காரரான பெரியவரைப் போய்ப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்:

"தம்பி, மேக்காட்டுல போன சித்திரையில கிடை போட்டிருந்தோம். முந்நூறு ஆடு, நாலு ராத்திரி. நீங்க எரு போட்டீங்களான்னுதான கேட்டீங்க. எரு நாங்க போடலையே."

"ஐயா, கிடையும் எருதானே?"

"அது கிடை தம்பி. எருன்னா வண்டியில அடிக்கிறது."

கிடை என்பது ஆடுகளை இரவில் நிலத்திலேயே அடைத்து, அவற்றின் கழிவை நிலத்தில் சேரவிடுவது. அவர் உண்மையைத்தான் சொன்னார். கேள்வியைத் தப்பாகக் கேட்டவன் நான். ஒரு பருவம் போயிற்று, வரிசைப்படுத்தலுக்குக் கட்டிய பணமும் போயிற்று. அன்று முதல் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் அரை நாளை நிலத்தின் வரலாற்றைக் கேட்பதற்கென்றே ஒதுக்குகிறேன். கடந்த ஐந்து ஆண்டுகளில் என்ன பயிர், எந்த மாதம் உழவு, கிடை போட்டார்களா, குளத்து வண்டல் அடித்தார்களா, தட்டையை எரித்தார்களா மடக்கி உழுதார்களா, களைக்கொல்லி என்ன, பக்கத்து நிலத்துத் தண்ணீர் இறங்கி வருமா, பழைய வரப்போ களமோ இருந்த இடமா என்று ஒவ்வொன்றையும் அவர்கள் சொல்லாலேயே கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்கிறேன். வரிசைப்படுத்தும் எந்திரம் உங்களுக்கு எந்த உயிரி இருந்தது என்று சொல்லும். கிடை போட்ட கதையை அது சொல்லாது.

இனி மாதிரி எடுக்கும் முறை. வரப்பு ஓரம், வாய்க்கால் ஓரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிருங்கள். இது மண் பரிசோதனைக்கு மண் எடுக்கும் எல்லோரும் அறிந்ததுதான். மேற்பரப்பில் கிடக்கும் சருகையும் கல்லையும் விலக்கிவிட்டு, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை துளைப்பானை இறக்கி, ஒரு பாத்தியில் எட்டு முதல் பத்து இடங்களில் எடுத்து ஒன்றாகக் கலக்குங்கள். அந்தக் கலவை ஒரே ஒரு மாதிரி என்பதை மறக்க வேண்டாம். ஒரு பாத்திக்கும் அடுத்த பாத்திக்கும் இடையே துளைப்பானைத் துடைத்து 70 சதவீத ஆல்கஹாலால் கழுவுங்கள், கையுறையை மாற்றுங்கள். கலந்த மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் வயலிலேயே சலிக்க முடிந்தால் நல்லது. மழை பெய்த மறுநாள் கரிசலில் இது நடக்காது. மண் சல்லடையில் அப்பிக்கொள்ளும், உங்கள் செருப்பு கிலோக்கணக்கில் கனக்கும். அப்போது வேரையும் கல்லையும் கையால் பொறுக்கிவிட்டுப் பையில் கட்டி, ஈரம் சற்றுக் குறைந்த பின் ஆய்வகத்தில் சலியுங்கள்.

சலித்த மண்ணை மூன்றாகப் பிரியுங்கள். டி.என்.ஏ.வுக்கான பங்கு சிறு குழாய்களில் ஐஸ் பெட்டிக்குள் போய், அன்றே மைனஸ் 20 அல்லது மைனஸ் 80 டிகிரிக்குச் சேர வேண்டும். நுண்ணுயிர்க் கரிமமும் நொதிகளும் அளப்பதற்கான பங்கை ஈரத்தோடு 4 டிகிரியில் வைத்து ஓரிரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மூன்றாம் பங்கை நிழலில் உலர்த்தி, கார அமில நிலை, மின்கடத்துத்திறன், கரிமம், களியின் அளவு ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 105 டிகிரியில் உலர்த்தி ஈரப்பதம் காண்பதை எந்த மாதிரிக்கும் விட்டுவிடாதீர்கள்; அந்த எண் இல்லாமல் வேறெந்த எண்ணையும் ஒரு கிராம் உலர் மண்ணுக்கு என்று எழுத முடியாது. குழாய்களின் மேல் ஸ்பிரிட் பட்டால் அழியும் பேனாவால் எழுதிவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும்.

காட்டு மண் என்றால் வனத்துறையின் அனுமதி முதலில் வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். வெளிநாட்டுக் கூட்டாளிக்கு மண்ணையோ பிரித்தெடுத்த உயிரியையோ அனுப்புவதாக இருந்தால் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் குறுக்கே வரும். அதை நடத்தும் தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. அனுப்பிய பிறகு கேட்பதைவிட அனுப்புமுன் எழுதிக் கேளுங்கள்.

ஆய்வகத்தில்

மண்ணிலிருந்து டி.என்.ஏ. பிரிக்கும் கிட்கள் பெரும்பாலும் கால் கிராம் மண்ணையே கேட்கும். ஒரு ஏக்கர் நிலத்தை அந்தக் கால் கிராம் எப்படிச் சொல்லும் என்று நீங்கள் கேட்டால், சரியான இடத்தில் சந்தேகப்படுகிறீர்கள் என்று பொருள். அதனால்தான் நன்றாகக் கலப்பதும் சலிப்பதும் வேண்டியிருக்கின்றன; முடிந்தால் ஒரே மாதிரியிலிருந்து இரண்டு மூன்று முறை பிரித்து ஒன்றாக்குங்கள்.

முதல் முறை பிரித்தெடுக்கும்போது கரைசல் கடுந்தேநீர் நிறத்தில் வந்தால் பதற வேண்டாம். அது ஹ்யூமிக் அமிலம். தொழு எரு நிறைய உண்ட மண்ணில் இது அதிகம், பி.சி.ஆர். நொதியை அது முடக்கிவிடும். 260, 230 நானோமீட்டர் அலைநீளங்களில் அளந்த ஒளி உறிஞ்சல்களின் விகிதம் மிகக் குறைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கரைசலைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள், பி.சி.ஆர். கலவையில் மாட்டுச் சீர அல்புமினைச் சேர்த்துப் பாருங்கள். டி.என்.ஏ. இல்லை என்று முடிவுகட்டிய பல மாதிரிகள் நீர்த்த பிறகு ஜெல்லில் பளிச்சென்று பட்டை காட்டியதுண்டு.

ஒவ்வொரு தொகுதியிலும் மண்ணே போடாத ஒரு வெற்றுக் குழாயை எல்லாப் படிகளிலும் கொண்டுபோய், அதையும் வரிசைப்படுத்த அனுப்புங்கள். கிட்டின் வேதிப்பொருட்களிலேயே பாக்டீரிய டி.என்.ஏ. இருப்பது உண்டு, 2014இல் சூசன்னா சால்ட்டர் குழுவினர் இதை விரிவாகக் காட்டிய பிறகும் வெற்றுக் குழாய் இல்லாத கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. மேற்பரப்பு மண்ணில் டி.என்.ஏ. மிகுதி என்பதால் கெடுதி குறைவு. ஆழ்மண்ணிலும் வறண்ட மணலிலும் அது கதையையே மாற்றிவிடும்.

வரிசைப்படுத்தலைப் பெரும்பாலும் வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுப்பீர்கள். பாக்டீரியாவுக்கு 16எஸ் மரபணுவின் வி4 பகுதியும், பூஞ்சைக்கு ஐ.டி.எஸ். பகுதியும் பரவலாகப் புழங்குகின்றன; வேர்ப்பூஞ்சைகளில் ஆர்பஸ்குலர் வகைக்கு 18எஸ் பொருத்தம். பெருக்க வேண்டிய பகுதியைப் பிடித்துத் தரும் சிறு டி.என்.ஏ. துண்டான ப்ரைமர் எது என்பதை எழுத்தில் வாங்குங்கள். வண்ண வண்ணப் படங்களோடு வரும் அறிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு, எந்திரத்திலிருந்து வந்த மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள். அவை இல்லாமல் எந்த நல்ல இதழும் கட்டுரையை ஏற்காது. ஓராண்டு கழித்துக் கேட்டால் அழித்துவிட்டோம் என்று பதில் வரலாம்.

எண்களை வாசிப்பது

இந்த இடத்தில் மூன்று உண்மைகளை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள். முதலாவது, உங்கள் தரவு சதவீதம். எந்திரம் ஒவ்வொரு மாதிரிக்கும் ஏறக்குறைய தானே முடிவுசெய்யும் அளவு வாசிப்புகளைத் தரும். மண்ணில் உயிர்கள் பத்து மடங்கு பெருகினாலும் மொத்தம் மாறாது. ஆகவே ஒரு கூட்டம் 20 சதவீதத்திலிருந்து 30 ஆனது என்றால் அது பெருகியதா, மற்றவை குறைந்தனவா என்று அந்த அட்டவணையிலிருந்து சொல்ல முடியாது. குளோரோஃபார்ம் புகையூட்டல் முறையில் நுண்ணுயிர்க் கரிமத்தையோ, அளவுசார் பி.சி.ஆர். வழியே மரபணு எண்ணிக்கையையோ கூடவே அளந்திருந்தால் அந்தக் கேள்விக்கு விடை உண்டு. புகையூட்டல் பழைய முறை, மலிவான முறை: 24 மணி நேரம் புகையில் வைத்த மண்ணுக்கும் வைக்காத மண்ணுக்கும் இடையே பொட்டாசியம் சல்ஃபேட் கரைசலில் கரையும் கரிமத்தின் வேறுபாட்டைக் கண்டு 0.45ஆல் வகுப்பது. பழையது என்று தள்ளிவிடாதீர்கள்.

இரண்டாவது, டி.என்.ஏ. இருக்கிறது என்றால் உயிர் இருக்கிறது என்று பொருளில்லை. இறந்த செல்களிலிருந்து வெளியான டி.என்.ஏ. களித்துகளில் ஒட்டிக்கொண்டு நீண்ட நாள் நிற்கும். 2016இல் பால் கரீனி குழுவினர் பல வகை மண்களை ஆராய்ந்து, பெருக்கக்கூடிய டி.என்.ஏ.வில் சராசரியாக 40 சதவீதம் இப்படிப்பட்டது என்று கண்டனர். குறுகிய காலச் சோதனையில் மாற்றம் தெரியவில்லையே என்று சோர்ந்துபோவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பாத்திகளின் எண்ணிக்கை. இரண்டு நடைமுறைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பாத்திகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதிரிகளை மும்மூன்றாகப் பிரிக்க உள்ள வழிகள் இருபது. பெயரை மட்டும் மாற்றிப் போட்டவற்றைக் கழித்தால் பத்து. மாற்றியடுக்கிச் சோதிக்கும் பெர்மனோவா போன்ற முறையில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய நிகழ்தகவே 0.1 தான். சமூகங்கள் எவ்வளவு தெளிவாகப் பிரிந்து நின்றாலும் வழக்கமான எல்லையான 0.05ஐ நீங்கள் எட்டவே முடியாது. நான்கு பாத்திகள் இருந்தால் 35 வழிகள், ஏறத்தாழ 0.03, ஐந்து இருந்தால் 126 வழிகள், 0.008. இந்தக் கணக்கைப் பணம் செலவழித்த பிறகு செய்பவர்களே அதிகம். ஒரே பாத்தியில் ஐந்து குழிகள் எடுத்து ஐந்து என்று எண்ணுவது இதற்கு மருந்தாகாது. ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இலேயே இந்தப் போலிப் பெருக்கத்தைக் கடுமையாகச் சாடினார், இன்றும் நடுவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். பெர்மனோவா வேறுபாடு காட்டினால், அது குழுக்களின் மையம் விலகியதாலா அல்லது ஒரு குழு மட்டும் சிதறிக் கிடப்பதாலா என்று சிதறலையும் தனியே சோதித்துவிடுங்கள்.

உயிரிகளுக்கு இடையே கோடு இழுத்து வலை போல வரையும் படங்கள் இப்போது எல்லாக் கட்டுரைகளிலும் வருகின்றன. இரண்டு உயிரிகள் ஒன்றாக ஏறி இறங்கினால் அவை உறவாடுகின்றன என்று எழுதிவிடாதீர்கள். இரண்டுக்கும் ஒரே ஈரம் பிடித்திருக்கலாம். என் மாணவர்களிடம் அந்தப் படத்தை எடுத்துவிட்டாலும் கட்டுரை நிற்கிறதா என்று கேட்பேன். நின்றால் படம் வேண்டாம். நிற்காவிட்டால் கட்டுரையே வேண்டாம்.

பட்டியலிலிருந்து வேலைக்கு

யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலோடு நின்றால் முதல் கட்டுரை வெளியாகும், மூன்றாவது வெளியாகாது. அந்த உயிரிகள் என்ன செய்கின்றன என்பதற்கு ஏதேனும் ஓர் அளவீட்டைத் தொடக்கத்திலிருந்தே உங்கள் கைத்தொழிலாக வளர்த்துக்கொள்ளுங்கள். டிஹைட்ரஜனேஸ், பீட்டா குளுக்கோசிடேஸ் போன்ற நொதிகளாக இருக்கலாம். மண் மூச்சாக இருக்கலாம். அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் உயிரிகளின் மரபணுக்களாக இருக்கலாம். வசதியுள்ள இடத்தில் கனமான கார்பன் 13 கொண்ட உணவைக் கொடுத்து, அதை உண்டவற்றின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பதாக இருக்கலாம். வளர்ப்பு முறையையும் கைவிட வேண்டாம். உத்தரப் பிரதேசத்தின் மவுவிலுள்ள ஐ.சி.ஏ.ஆர். நுண்ணுயிரி நிறுவனமும் சண்டிகரிலுள்ள எம்.டி.சி.சி. என்னும் நுண்ணுயிரிக் காப்பகமும் உயிரிகளைச் சேமித்துத் தருகின்றன. பத்து ஆண்டுக்குப் பின் உங்களை ஒரு குழு கூட்டாளியாக அழைக்கிறது என்றால் அது பெரும்பாலும் உங்கள் கையிலுள்ள இந்த ஓர் அளவீட்டுக்காகத்தான்.

பட்டத்துக்குப் பின்

முதல் கட்டுரையை அனுப்பும் முன் மூலக் கோப்புகளை அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. தரவுக் களஞ்சியத்திலோ ஃபரிதாபாதிலுள்ள இந்திய உயிரியல் தரவு மையத்திலோ சேர்த்து எண் வாங்குங்கள். கார அமில நிலையும் ஆயத்தொலைவும் மாதிரி எடுத்த நாளும் அதோடு போக வேண்டும். அவை இல்லாத தரவை எவரும் திரும்பப் பயன்படுத்த மாட்டார்கள். பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடும் இதழ்களின் மின்னஞ்சல் பட்டம் முடியும் தறுவாயில் அதிகமாக வரும். அந்த நேரத்துப் பதற்றத்தில் எடுத்த முடிவு உங்கள் தன்விவரக் குறிப்பில் நிரந்தரமாக நிற்கும்.

அடுத்த கட்டத்தில் ஐ.சி.ஏ.ஆர். விஞ்ஞானி பதவிக்கான தேர்வு, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணி, வெளிநாட்டில் முதுமுனைவர் ஆய்வு என்று வழிகள் பிரியும். ஐ.சி.ஏ.ஆர். தேர்வில் வேளாண் நுண்ணுயிரியல் தனிப் பாடமாகவே உண்டு. வெளிநாட்டுக்கு எழுதும்போது, உங்கள் ஆராய்ச்சி மிகச் சிறப்பானது என்ற பொதுக் கடிதத்தை யாரும் படிப்பதில்லை. அவருடைய ஒரு கட்டுரையில் விடைகாணாமல் நிற்கும் ஒரு கேள்வியையும், அதற்கு உங்களிடமுள்ள மண்ணோ முறையோ எப்படி உதவும் என்பதையும் ஐந்து வரியில் எழுதுங்கள். வெப்பமண்டலக் கரிசலையும் செம்மண்ணையும் கையால் தொட்டு வேலை செய்தவர்கள் உலக அளவில் குறைவு. 2018இல் மனுவேல் டெல்காடோ பக்கெரிசோ குழுவினர் 18 நாடுகளின் 237 இடங்களை ஆராய்ந்து, பாக்டீரிய வகைகளில் வெறும் 2 சதவீதமே சமூகங்களின் ஏறத்தாழ பாதியை நிரப்புகின்றன என்று காட்டினார்கள். அப்படிப்பட்ட உலக வரைபடங்களில் தெற்காசியப் புள்ளிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் கடிதத்துக்கான கரு அங்கேயே கிடைக்கும்.

நிலையான பணி கிடைத்த பின், 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான, மத்திய அரசின் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் நிதிக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் கருவி வாங்கும் பட்டியலை நீட்டாமல், வயலுக்குப் போகும் செலவையும் மாதிரி காக்கும் குளிர்பெட்டிக்கான தடையற்ற மின்சார ஏற்பாட்டையும் மறவாமல் கேளுங்கள். ஒரு கோடை மின்வெட்டில் மைனஸ் 80 பெட்டி உருகினால் மூன்று ஆண்டு உழைப்பு போய்விடும்.

உலர்ந்த மண் மிச்சமிருந்தால் கொட்டிவிடாதீர்கள். ரோத்தம்ஸ்டட்டில் 1843 முதல் சேர்த்துவைத்த மண்ணும் வைக்கோலும் தானியமும் இன்றைக்கும் குப்பிகளில் இருக்கின்றன. அவற்றை முதலில் எடுத்துவைத்தவர்களுக்கு டி.என்.ஏ. என்றால் என்னவென்றே தெரியாது. நூறு கிராம் போதும். இறுக மூடும் கண்ணாடிக் குப்பியில் போட்டு, இடம், ஆழம், நாள், நிலக்காரர் சொன்ன வரலாறு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய தாள் ஒன்றைக் குப்பிக்குள்ளும் இன்னொன்றை வெளியேயும் வைத்து, வெயில் படாத அலமாரியில் அடுக்குங்கள். மேக்காட்டு மண் நான்கு குப்பிகள் என் அலமாரியில் இருக்கின்றன. தாளில் கிடை போட்ட மாதமும் ஆடுகளின் எண்ணிக்கையும் எழுதியிருக்கிறது.